ஏழாவது நாற்காலிக்கு ஆங்கிலப் பெயர் வேண்டாம்

தலைமை நாற்காலியில் தலை நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் இதே மன்றத்தின் செயலாளராக இருந்து, இதே மண்டபத்தின் வாசற்படியில் என்னை நிறுத்திவைத்தவரும் தாங்களே என்பதால், தங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்!

என்னை மேடையேற்றிய இந்நாள் செயலாளர் அவர்களே! பிரெஞ்சைப் பிழிந்து ஆங்கிலத்தில் ஊற்றிய மொழிபெயர்ப்பாளர் தம்பி அவர்களே! முழங்கால் வலியை முன்வரிசையில் நீட்டி வைத்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையோடும் மனதில் ஆசையோடும் வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் சன்னலோரம் நிற்கும் இளையவர்களே! எனக்குப் பின்னால் பட்டுப்பட்டை அணிந்து வரிசையாக வீற்றிருக்கும் ஏழு பெண்மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்ன அங்கே முணுமுணுப்பு? ஆம், ஏழு என்றுதான் சொன்னேன். அதற்கு வருகிறேன்.

தம்பி, இந்த மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். நான் குனிந்தே வேலை பார்த்தவள். இப்போது போய் எட்டிப் பேசச் சொன்னால் எப்படி?

அவையோரே! நான் படித்தவள் அல்ல. மூன்றாம் வகுப்பில் சிலேட்டைக் கீழே வைத்தவள். அதன் பிறகு ஊசியை மட்டும் கீழே வைக்காதவள். இந்த அழகிப் போட்டிக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளாகப் பட்டுப்பட்டையில் பட்டத்தின் பெயரைத் தைத்துக் கொடுத்தவள். பட்டங்களை ஆங்கிலத்தில் எழுதிய பலகையைத் திறந்துவைக்கும் நாள் இது, நாலு நல்ல வார்த்தை பேசுங்கள் என்று அழைத்தார்கள். நல்ல வார்த்தைதான் பேசப்போகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மேடையில் இருக்கும் ஒரு பெண் இன்று மாலை தன் வீட்டுக்குப் போவாளா, மாட்டாளா என்பது என் பேச்சின் முடிவில் உங்கள் வாயில் இருக்கிறது. விளையாட்டாகக் கேட்காதீர்கள்.

இந்த மன்றத்தை ஆரம்பித்தவர்கள் பிரெஞ்சு பேசியவர்கள். ஆகவே பட்டங்களும் பிரெஞ்சு. முதலிடம் வந்தவள் 'ரேன்'. அதாவது அரசி. இரண்டாமிடம் வந்தவள் 'தோஃபீன்'. அதாவது அடுத்து பட்டத்துக்கு வரவேண்டிய இளவரசி. பிறகு நன்றாகச் சிரிப்பவளுக்கு ஒன்று, நன்றாக நடப்பவளுக்கு ஒன்று. எங்கள் தம்பி இவற்றை ஆங்கிலமாக்கினார். அரசி, 'மிஸ்' ஆகிவிட்டாள். இளவரசி, 'ரன்னர் அப்' ஆகிவிட்டாள். நான் கேட்டேன், "ஏன் தம்பி, யாரு ஓடினா? அத்தனை உசரச் செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கிறதே பெரும்பாடு!"

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்கிற இடம் இதோடு முடிகிறது.

மன்றத்தின் பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. எந்த ஆண்டு எந்தப் பட்டம் என்று சொல்ல ஆளில்லை. அதனால் தம்பி என் தையலறைக்கு வந்தார்.

"அம்மா, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமாமே?"

"பிரெஞ்சு தெரியாது தம்பி. எழுத்து தெரியும்."

"படிக்கத் தெரியாம எழுத்து மட்டும் எப்படிம்மா தெரியும்?"

"உனக்கு உன் மாமியார் முகம் தெரியுமில்ல? அவங்க மனசைப் படிக்கத் தெரியுமா?"

அவர் காகிதத்தை எடுத்தார். நான் ஒவ்வோர் ஆண்டாக, ஒவ்வொரு பட்டமாக, வளைந்த எழுத்து, வால் வைத்த எழுத்து, தொப்பி போட்ட எழுத்து என்று விரலால் மேசையில் வரைந்து காட்டினேன். பன்னிரண்டாம் ஆண்டு சிரிப்புப் பட்டத்தில் தங்க நூல் தீர்ந்துபோய்க் கடைசி எழுத்தை மஞ்சள் நூலில் முடித்ததைக்கூடச் சொன்னேன். நான் எதையும் மறப்பதில்லை. நல்லதையும் மறப்பதில்லை, எனக்குச் செய்த கெட்டதையும் மறப்பதில்லை. தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு தம்பி நெற்றியைச் சொறிந்தார்.

"அம்மா, ஏழாவது பட்டத்துக்கு எதிர்ல பேரே இல்லையே? நாற்பத்து ரெண்டு வருஷமும் காலியா இருக்கு."

"அது ஆளுக்கு இல்ல தம்பி. நாற்காலிக்கு."

"நாற்காலிக்கு யாராவது பட்டம் கொடுப்பாங்களா?"

"வராத ஒருத்திக்கு நாற்காலி போடுவாங்க. நாற்காலிக்குப் பட்டத்தைப் போடுவாங்க."

அந்த வராத ஒருத்தி யார்? இங்கே நரைத்த தலைகள் சில உண்டு. அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசமாட்டார்கள். நான் பேசுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. அப்போது பட்டங்கள் ஆறுதான். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி அரசியாக வந்தாள். என்ன அழகு! என்ன சிரிப்பு! பட்டப்பகல், மூன்று மணி. கைதட்டல் ஓய்வதற்குள் இந்த மேடைக்குப் பின்னால் இருக்கும் உடைமாற்றும் அறைக்குள் போனாள். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. கதவு ஒன்றுதான். கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் நான் உட்கார்ந்து, ஒருத்தியின் பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஊக்கு ஒண்ணு எடுத்து வைங்க. இதோ வந்துடறேன்" என்றாள்.

ஊக்கை எடுத்து வைத்தேன். வரவில்லை. பாவாடை ஓரம் முழுவதும் தைத்து முடித்தேன். வரவில்லை. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திறந்தேன். கிரீடம் மேசைமேல் இருந்தது. செருப்புகள் ஒன்றன்பக்கம் ஒன்றாகக் கண்ணாடியைப் பார்த்து நின்றன. பட்டுப்பட்டை தரையில் வட்டமாகக் கிடந்தது. எப்படிக் கிடந்தது தெரியுமா? கொக்கி மாட்டியபடியே கிடந்தது. கழற்றிப் போட்டால் கொக்கி திறந்திருக்க வேண்டும் அல்லவா? மூடிய பட்டைக்குள்ளிருந்து உடம்பு மட்டும் எப்படிப் போகும்? எந்த வழியாகப் போகும்? யார் கூட்டிப் போனார்கள்? போலீஸ் வந்தது, தரையைத் தட்டிப் பார்த்தது, சுவரைத் தட்டிப் பார்த்தது, என்னைத் தட்டிக் கேட்டது. அவளுடைய அப்பா வாரம் ஒரு நாள் வந்து அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஆண்டு பழைய தலைவியம்மா என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பட்டையில இருக்கிற எழுத்தைப் பிரிச்சிடு. நான் எழுதித் தர்றதைத் தை" என்றார். 'லத்தாந்தியூ' என்று எழுதிக் கொடுத்தார். எதிர்பார்க்கப்படுகிறவள் என்று அர்த்தமாம். அன்று முதல் இந்த மேடையில் ஏழாவதாக ஒரு நாற்காலி. நாற்காலியின் தோளில் அந்தப் பட்டை. பெயர் வாசிக்க மாட்டார்கள். யாரும் உட்கார மாட்டார்கள். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நிற்போம். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

அந்த முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பட்டையை நாற்காலியில் மாட்டியவள் நான். முடிந்தபின் எடுத்து மடித்தவளும் நான். இடுப்பில் ஒரு கொக்கி, எதிரே வரிசையாக ஐந்து வளையம். முதல் வளையத்தில் மாட்டிவிட்டு வருவேன். சில ஆண்டுகள் அப்படியே இருந்தது. ஐந்தாம் ஆண்டு, எடுக்கப் போனபோது கொக்கி இரண்டாம் வளையத்தில் இருந்தது. நம் கைமறதி என்று நினைத்தேன். ஒன்பதாம் ஆண்டு மூன்றாம் வளையம். பன்னிரண்டாம் ஆண்டு நான்காம் வளையம். தாய்மார்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பளவு எப்படி ஏறும் என்று நமக்குத் தெரியாதா? என் இடுப்பு ஏறிய அதே கணக்கில் அந்தப் பட்டையின் இடுப்பும் ஏறியது. அவள் எங்கோ இருக்கிறாள். எங்களோடு வயதாகிக்கொண்டிருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

இதைத்தான் நான் அன்றைய செயலாளரிடம் சொன்னேன். அதோ இருக்கிறார். என்ன சொன்னார்? பத்துப் பேர் முன்னிலையில், "நீயே மாத்தி மாட்டிட்டு நீயே கதை கட்டுறியா? தையல்காரிக்கு மேடையில என்ன வேலை? இனிமே இவ வாசலோட நிக்கட்டும்" என்றார். நின்றேன். முப்பத்தோரு ஆண்டுகள் வாசலோடு நின்றேன். பட்டையை வாங்கிப் போக ஒருவர் வருவார், கொண்டு வந்து தர ஒருவர் வருவார். கொக்கி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. வளையம் போதாமல் நானே மேலும் நான்கு வளையம் வைத்துத் தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது இந்த ஆண்டுக்கு வாருங்கள்.

"கம்ப்யூட்டர்ல பேர் போடாம அடுத்த வரிக்கே போகமாட்டேங்குதும்மா" என்றார் தம்பி. தப்பு அவருடையது இல்லை. அவருக்குப் பட்டம் என்றால் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். காலியாக இருந்தால் எழுதுகிறவன் விட்டுவிட்டான் என்று பொருள். அலுவலகத்தில் கேட்டார். அலுவலகமும் யோசித்தது. இந்த ஆண்டு ஆறு இடமும் போனபின் ஏழாவதாக வந்தவள் யார்? தலைவருடைய பேத்தி. சரி, அந்த வரியில் அவளைப் போடு! பட்டமும் வீணாகாது, தலைவர் மனமும் குளிரும்! லத்தாந்தியூ, ஆங்கிலத்தில் 'மிஸ் அவெய்ட்டட்' ஆயிற்று. நாற்பத்து இரண்டு ஆண்டுகள் வராத ஒருத்திக்காகக் காலியாக இருந்த இடத்தில், வந்து நிற்கும் ஒருத்தியின் பெயரை எழுதினார்கள்.

பட்டை என்னிடம் வந்தது, பிரெஞ்சைப் பிரித்துவிட்டு ஆங்கிலத்தைத் தைக்கச் சொல்லி.

அவையோரே, இங்கேதான் நான் தலைகுனிய வேண்டும். எனக்குத் தெரியும். அந்தத் துணி யாருடையது என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யார்? "இதில் தைக்காதீர்கள், புதுத் துணி வாங்குங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சொல்லவில்லை. யாருக்கு இந்தப் பட்டை என்று கேட்டேன். பதிலைக் கேட்டதும் ஊசியில் நூலைக் கோத்தேன். "அவருக்கும் தெரியட்டும்" என்று என் மனதின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலை சொன்னபடி என் கை தைத்தது. நேர்த்தியாகத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாகத் தைத்ததில்லை.

மூன்று நாளைக்கு முன் ஒத்திகை. பெண்கள் ஏழு பேரும் பட்டை அணிந்து உட்கார்ந்தார்கள். டீ கொண்டுவந்தவர் ஆறு கோப்பைகள் கொடுத்துவிட்டுப் போனார். கணக்குத் தப்பு என்று சிரித்தார்கள். பெயர் கூப்பிட்டவர் ஆறு பெயரோடு காகிதத்தை மடித்தார். அவசரம் என்று நினைத்தார்கள். ஒத்திகை முடிந்தது. வேன் வந்தது. தலைவரே வேன் கதவருகே நின்று எண்ணினார், "எல்லாரும் ஏறியாச்சு, கிளம்பு" என்றார். வேன் கிளம்பியது. அவருடைய பேத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தலைவர் அவர்களே, தலையை ஆட்டாதீர்கள். நான் வாசலோடு நிற்கிறவள். வாசலில் நடப்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மறுநாள் பகல் அந்தப் பெண் என் தையலறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றபடி கேட்டாள்.

"தையலம்மா, நான் உங்க கண்ணுக்குத் தெரியறேனா?"

"தெரியாம என்ன? பட்டையைக் கழட்டிக் குடுத்தப்புறமும் தோளைச் சாய்ச்சுக்கிட்டே நிக்கிறியே, ஏன்?"

அவள் அழுதுவிட்டாள். "எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைல எனக்குத் தட்டு வைக்கல. சண்டை எதுவும் இல்ல. 'அம்மா, எனக்கு?'ன்னு கேட்டேன். 'அட'ன்னு சொல்லிட்டு எழுந்து போய் அலமாரியைத் திறந்தாங்க. ஒரு கரண்டியை எடுத்துட்டு வந்து உக்காந்து சாப்பிட்டாங்க. என் ரூமுல துணி காயப் போட்டிருக்காங்க. யாரும் கெட்டவங்க இல்ல தையலம்மா. எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் இருக்காங்க."

ஐயோ, என் விரலில் ஊசி இறங்கியது. எனக்கு வலிக்கவில்லை.

நேற்று அலுவலகம் போனேன். பட்டியலை மாற்றுங்கள் என்று சண்டை போட்டேன். எழுத்தர் பட்டியலை எடுத்தார். ஏழாவது பெயரை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தார். "பேரு இருக்கு. ஆனா இது யாருன்னு ஞாபகம் வரமாட்டேங்குதேம்மா" என்றார். மூன்று நாள், ஒரே ஒரு ஒத்திகை, அதற்கே இந்தக் கதி! இன்று இந்தப் பெயரை மைக்கில் வாசித்து, ஆயிரம் கை ஒன்றாகத் தட்டி, "இதோ எதிர்பார்க்கப்படுகிறவள்" என்று நீங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? எதிர்பார்க்கப்படுகிறவள் எப்படி வந்து சேர்வாள்? வந்து சேர்ந்தால் அவள் எதிர்பார்க்கப்படுகிறவளா?

இப்போது எண்ணுங்கள்.

முன்வரிசைப் பெரியவரே, சொல்லுங்கள். மேடையில் எத்தனை பெண்கள்? ஆறு. சன்னலோரத் தம்பி? ஆறு. பச்சைச் சேலை அம்மா, நீங்கள்? ஆறு! எல்லோரும் சேர்ந்து சொல்கிறீர்கள், ஆறு, ஆறு, ஆறு! நான் இன்று காலை என் கையால் ஏழு பட்டை மாட்டிவிட்டேன்.

தலைவர் அவர்களே, உங்கள் பேத்தி எங்கே?

"அவ… அவ ஊருக்குப் போயிருக்கா" என்கிறார். கேட்டீர்களா? எந்த ஊருக்கு ஐயா? யாரோடு? எப்போது வருவாள்? பாருங்கள், யோசிக்கிறார். யோசிக்க யோசிக்க முகம் வெளுக்கிறது.

ஏன் என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள்? நான் என்ன உங்களைவிட நல்லவளா? இல்லை! அன்பு வைத்தவர்கள் நிம்மதியாக மறந்துவிட்டீர்கள். நான் பகை வைத்தவள். முப்பத்தோரு ஆண்டுகளாக இவர் வீட்டு வாசலைப் பார்த்தபடி வன்மம் வளர்த்தவள். இவர் வீட்டில் யார் பிறந்தார்கள், யாருக்கு என்ன உடம்பு, யார் எந்த நிறச் சட்டை போட்டார்கள் என்று ஒன்று விடாமல் மனதில் அடுக்கியவள். அந்த அடுக்கில் அவள் இருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள். சொல்லட்டுமா?

ஐந்து வயதில் என் தையலறைக்குள் புகுந்து மூன்று கஜம் ரிப்பனைக் கத்தரித்துப் போட்டாள். திட்டினேன், நாக்கை நீட்டிவிட்டு ஓடினாள். அன்று அவள் போட்டிருந்தது நீலக் கவுன், வலது பக்கப் பித்தான் இல்லை. எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது முழங்கையில் நான்கு தையல். பத்து வயதில் அவளுக்கும் அவள் தாத்தாவுக்கும் ஒரே நாளில் அம்மை போட்டது. இருவரும் ஒரு சன்னலில் உட்கார்ந்து போவோர் வருவோருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். எனக்கும் வைத்தார்கள். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிரிக்கும்போது மூக்கைச் சுருக்குவாள். கோபம் வந்தால் வலக்காலைத் தேய்ப்பாள். அவளை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்? தாயே, இரண்டாம் வரிசையில் இருக்கும் தலைவர் வீட்டு மருமகளே, உன்னைத்தான் கேட்கிறேன். உன் வயிற்றில் பிறந்தவளை நீ எப்படிக் கூப்பிடுவாய்?

யோசி. அவசரமில்லை. சுருட்டை முடிக்காரி, பாலில் ஆடை இருந்தால் குடிக்கமாட்டாள்…

என்ன சொன்னாய்? உரக்கச் சொல்!

"வாலு."

எழுந்துவிட்டார்! அவையோரே, தாய் எழுந்துவிட்டார்! ஏழாவது நாற்காலியைப் பார்க்கிறார்! கூப்பிடம்மா! எல்லோரும் கூப்பிடுங்கள்! பட்டத்தைச் சொல்லாதீர்கள். பிரெஞ்சும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். வீட்டில் சோறு போடக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லுங்கள்! வாலு! பின்வரிசை, உங்களுக்கு வாயில்லையா? வாலு! இன்னும்! இன்னும்!

தலைவர் அவர்களே, நாற்காலியை விட்டு அவளிடம் ஓடி வந்துவிட்டீர்களே? தெரிகிறாள் அல்லவா? அழுவது அப்புறம். முதலில் பட்டையைக் கழற்றுங்கள். கொக்கி இடது இடுப்பில். இழுக்காதீர்கள், அது என் தையல், இழுத்தால் வராது. உள்ளே தள்ளி மேலே தூக்குங்கள். கொக்கி எந்த வளையத்தில் இருக்கிறது? ஒன்பதாவதிலா? இருபது வயதுப் பெண்ணுக்கு ஒன்பதாவது வளையமா? நான் மாட்டியது முதல் வளையத்தில். பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள் ஐயா, கழற்றுங்கள்! ம்… வந்துவிட்டது. அப்படியே நாற்காலியின் தோளில் போடுங்கள். மரியாதையாகப் போடுங்கள். அதற்கு உரியவளும் யாரோ பெற்ற பிள்ளை.

வாலு, கீழே இறங்கு. அம்மாவிடம் போ. திரும்பிப் பார்க்காதே.

மொழிபெயர்ப்பாளர் தம்பி, உங்கள் பலகையில் ஏழாவது வரியைச் சுரண்டிவிடுங்கள். பட்டத்தையும் சுரண்டுங்கள், பெயரையும் சுரண்டுங்கள். அடுத்த வரிக்குப் போகாத கம்ப்யூட்டர் அங்கேயே நிற்கட்டும். சில இடம் காலியாக இருப்பதற்காகவே இருக்கிறது. அந்த எழுத்தை நான் பிரெஞ்சிலேயே திரும்பத் தைத்துத் தருகிறேன்.

தலைவர் அவர்களே, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறீர்கள். மைக்கில் விழட்டும், எல்லோரும் கேட்கட்டும். "மன்னிச்சிடும்மா" என்கிறார். பத்துப் பேர் முன்னால் சொன்னதற்கு ஆயிரம் பேர் முன்னால் மன்னிப்பு. கணக்கில் எனக்கு லாபம்தான். ஆனாலும் மன்னிக்கமாட்டேன் ஐயா. அவசரப்பட்டு ஆறுதல் அடையாதீர்கள். என் பகை என்னிடமே இருக்கட்டும். அது இருக்கும்வரை உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று வெளியே ஒருத்தி எண்ணிக்கொண்டிருப்பாள்.

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், உரக்கக் கூப்பிட்ட உங்கள் ஒவ்வொருவரின் தொண்டைக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போனதும் தலையை எண்ணிவிட்டுத் தட்டு வையுங்கள். வணக்கம்!